கடைசி சீட்டுக் கிட்டார்

மாப்ள மாதேஷ்,

நேற்று நித்யாவுக்குக் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. கடத்தூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மண்டபம். பந்தியில் குறை இல்லை, மாப்பிள்ளை வீட்டார் முகத்தில் சுளிப்பு இல்லை, சாந்தி கடைசி வரைக்கும் தெம்பாக நின்றாள். ஆனால் நீ கேட்கப்போவது இதையெல்லாம் இல்லை என்று எனக்குத் தெரியும். "அதெல்லாம் கெடக்கட்டும் மச்சான், பாட்டு என்னாச்சு?" என்பாய். சொல்கிறேன், அவசரப்படாதே. மலை ஏறும்போதும் நீ இப்படித்தான், வண்டி வளைவு திரும்புவதற்கு முன்னாலேயே அடுத்த ஸ்டாப் பெயரைக் கத்துவாய்.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிப்பார்கள். எனக்குப் போன் வழியாகக் கிட்டார் சொல்லித் தந்த டீச்சரம்மா, "நீங்க கத்துக்கிட்ட கதைய எழுதி அனுப்புங்க சார், நம்ம ஸ்டூடண்ட்ஸ் எல்லாரும் படிக்கட்டும்" என்றார். உட்கார்ந்து யோசித்தால் யாருக்குச் சொல்வது என்று புரியவில்லை, உன் முகம்தான் வருகிறது. அதனால் உனக்கே எழுதுகிறேன். நம்ம வண்டியில் டிரைவரும் கண்டக்டரும் பேசிக்கொள்வதை சனங்கள் கேட்டுக்கொண்டு வரவில்லையா? அப்படிக் கேட்டுக்கொண்டு வரட்டும்.

அவர்களுக்காக ஒரு வார்த்தை. அரூரிலிருந்து சித்தேரி மலைக்குப் போகும் அரசு பஸ்ஸில் நான் டிரைவர், இவன் கண்டக்டர். டெப்போவில் மற்ற ஜோடிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள், நாங்கள் மாறவில்லை. நித்யா இவன் மகள். இவன் மனைவி சாந்திக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. அவள் என்னை அண்ணா என்று கூப்பிட ஆரம்பித்ததும் நான் இவனுக்கு மச்சான் ஆனேன், இவன் எனக்கு மாப்பிள்ளை ஆனான். போன பங்குனியில் ஒருநாள் காலை டியூட்டிக்குக் கிளம்பி, வாசலில் செருப்பை மாட்டும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான்.

மாப்ள, நீ பீச்சாங்கைக்காரன். உன் ஆத்தா அடித்தும் கெஞ்சியும் சோறு தின்பதை மட்டும் சோத்தாங்கைக்கு மாற்றினாள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இடதுகை முட்டியிலேயே அடிப்பார் என்று சொல்லியிருக்கிறாய். கண்டக்டர் ஆன பிறகும் விட்டார்களா? டிக்கெட்டை இடதுகையில் நீட்டினால் பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள். ஒருத்தர் டெப்போவுக்கே புகார் எழுதிப் போட்டார்.

சித்தேரியிலிருந்து சீத்தாப்பழக் கூடையோடு சந்தைக்கு வரும் பொன்னியக்காவை மறப்பாயா? "பீச்சாங்கையில குடுத்தா நான் வாங்கமாட்டன் சாமி, மாத்திக் குடு" என்று கூடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பாள். நீயும் ஒவ்வொரு தடவையும் மறந்தவன் போல இடதுகையிலேயே நீட்டுவாய். "அக்கா, இந்தக் கையி என்னா பாவம் பண்ணுச்சு?" என்பாய். பஸ்ஸே சிரிக்கும். நானும்தான் சிரித்தேன். உள்ளே உனக்கு அது எப்படி இருந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. நீயும் சொல்லவில்லை.

ஐம்பதை நெருங்குகிற வயதில் உனக்குக் கிட்டார் ஆசை வந்தது. ஓசூரில் யாரோ விற்கிறார்கள் என்று போய், பழைய போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தாய். "ஏன்டா, பேரன் பேத்தி எடுக்கற வயசுல இது தேவையா?" என்று கேட்டேன். "பேரன் பேத்தி வந்தா தூங்க வெக்க வேணாமா மச்சான்?" என்றாய். உன்னிடம் வாயைக் கொடுத்து நான் என்றைக்கு ஜெயித்தேன்?

சித்தேரியில் டவர் கிடைக்காது. அதனால் அரூர் ஸ்டாண்டிலேயே பாட வீடியோக்களை டவுன்லோடு போட்டுக்கொள்வாய். மேலே போய்ச் சேர்ந்து சனம் இறங்கியதும், திரும்பக் கிளம்புகிற வரைக்கும் வண்டி சும்மாதான் நிற்கும். நீ கடைசி சீட்டில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு டொய்ங் டொய்ங் என்று தட்டுவாய். நான் என் சீட்டிலேயே காலை நீட்டிக்கொண்டு, தலைக்கு மேலே இருக்கிற கண்ணாடியில் உன்னைப் பார்ப்பேன். திரும்பிப் பார்க்கக்கூடச் சோம்பேறித்தனம். எத்தனை வருஷமாக உன்னை அந்தக் கண்ணாடியில்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்? இந்தக் கண்ணாடி விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள். பின்னால் வருகிறது.

நீ கற்றுக்கொண்டதெல்லாம் ஒரே ஒரு பாட்டுக்காக. நித்யா கைக்குழந்தையாக இருந்தபோது நம்ம ஸ்டாப் பெயர்களை வைத்து நீயே கட்டின தாலாட்டு.

"ஆலமரம் வந்தாச்சு, அழுவறவங்க எறங்குங்க.
செக்போஸ்ட்டு வந்தாச்சு, சிணுங்கறவங்க எறங்குங்க.
ஊத்துப்பாற வந்தாச்சு, உம்முனு இருக்கறவங்க எறங்குங்க.
சித்தேரி வந்தாச்சு, தூங்கறவங்க மட்டும் ஒக்காருங்க."

நர்சிங் படிக்கப் போன பிறகும் அவள் போனில் இதைப் பாடச் சொல்லிக் கேட்பாள். "பாப்பா கல்யாணத்துல இதை நானே கிட்டார்ல வாசிச்சுப் பாடுவன், பாரு மச்சான்" என்று நீ சொல்லிக்கொண்டே இருந்தாய். என்னிடம் சொன்னதோடு விட்டிருக்கலாம். அவளிடமும் சொல்லிவிட்டாய்.

உன் காரியம் முடிந்த அன்றைக்குச் சாந்தி அந்தக் கிட்டாரைப் போர்வையோடு கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "வூட்ல இதப் பாத்தா நெஞ்ச அடைக்குதுங்கண்ணா. நீங்களே வெச்சுக்கோங்க" என்றாள். நான் இண்டூரில் என் வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோ மேலே வைத்தேன். வைத்தது வைத்தபடியே இருந்தது.

அப்புறம் நித்யாவுக்குச் சம்பந்தம் அமைந்தது. வருஷம் திரும்புவதற்குள் நல்ல காரியத்தைச் செய்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். நிச்சயம் நடந்து எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது பிள்ளை சமையலறையில் தனியாக நின்று அழுதாள். என்ன பாப்பா என்றேன். "அப்பா வாசிக்கறன்னு சொன்னாருங்க மாமா. பாட்டே இல்லாத கல்யாணமா நடக்கப்போவுது" என்றாள்.

"யாரு சொன்னா? நான் வாசிக்கறன்" என்று சொல்லிவிட்டேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் காதில் விழுந்தது. "மச்சான், உன் வாயிக்கு ஆக்ஸிலேட்டரு மட்டும்தான், பிரேக்கே கெடையாது" என்பாயே, அது உண்மைதான். பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு "நெசமாவா மாமா?" என்று கேட்டாள். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எப்படி இல்லை என்பது? தை மாதத்தில் முகூர்த்தம். எனக்குக் கிட்டாரில் எந்தப் பக்கம் தலை என்றுகூடத் தெரியாது.

நீ பார்த்த அதே டீச்சரம்மா பாடங்களைத் தேடிப் பிடித்தேன். சின்னப் பெண்தான், கோயம்புத்தூர்ப் பக்கம் என்று பேச்சில் தெரிந்தது. முதல் பாடம் கிட்டாரின் பாகங்கள். எனக்கு வந்ததே கோபம். வருஷக்கணக்காக மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிறவனுக்குப் பாகம் சொல்லித் தருகிறார்களா என்று அதைத் தாண்டி நேரே இரண்டாம் பாடத்துக்குப் போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அந்த முதல் பாடத்தைப் பார்த்திருந்தால் இந்தக் கடிதம் பாதியாகக் குறைந்திருக்கும்.

அவர் விரலை எங்கே வைத்தாரோ நானும் அங்கேயே வைத்தேன். சுருதி பார்க்கிற ஆப் ஒவ்வொரு கம்பிக்கும் பச்சை காட்டியது. எல்லாம் சரியாக இருந்தது, சத்தத்தைத் தவிர. அவர் தட்டினால் கோயில் மணி, நான் தட்டினால் ஓட்டை வாளி. லீவு நாளில் நடுப்பகலில் உட்கார்ந்து தட்டினால் என் வீட்டுக்காரி ருக்மணி அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள்: "ஏங்க, அந்தப் பூனைய ஏன் மிதிச்சுக்கிட்டே இருக்கறீங்க?"

இடதுகை விரல் நுனியெல்லாம் கொப்பளித்து, தோல் உரிந்து, காய்ப்பு விழுந்தது. கியர் மாற்றும்போதெல்லாம் சுரீர் என்றது. ஆடி போனது, ஆவணி போனது. பாடம் கேட்கிற சின்னப்பிள்ளைகள் எல்லாம் பாட்டு வாசித்து வீடியோ போடுகிறார்கள், எனக்கு ஒரு கார்டுகூட வாயைத் திறக்கவில்லை. கார்டு என்றால் நாலைந்து கம்பியைச் சேர்த்து அமுக்கி ஒரே தட்டாகத் தட்டுவது. உனக்குச் சொல்லவில்லை, படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்.

உன்மேல் எரிச்சல்கூட வந்தது மாப்ள. நீ எப்படிப் பழகினாய்? உனக்கு மட்டும் எப்படி வந்தது? நித்யாவிடம் போய், முடியாது பாப்பா, மாமனால் ஆகவில்லை என்று சொல்லிவிடலாமா என்று தினமும் யோசித்தேன். ஒருநாள் கடத்தூரில் உன் வீட்டுக்கே போய்விட்டேன். அவள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "பாட்டு எது வரைக்கும் வந்துச்சுங்க மாமா? நான் கேக்கவே மாட்டன், மேடையிலதான் கேப்பன்" என்றாள். நான் காபியைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

கடைசியில் வெட்கத்தை விட்டு, நான் வாசிப்பதை ருக்மணியை விட்டுப் படம் பிடிக்கச் சொல்லி டீச்சரம்மாவுக்கு அனுப்பினேன். அடுத்த நாள் வாய்ஸ் மெசேஜில் பதில் வந்தது. "சார், உங்க விரல் எல்லாம் கரெக்டா இருக்கு. ஆனா உங்க கிட்டார்ல கம்பி தலைகீழா மாட்டியிருக்கு. மேல இருக்க வேண்டிய தடிக் கம்பி கீழ இருக்கு. இது இடதுகைக்காரங்க வாசிக்கிற கிட்டார் சார். முதல் பாடத்துலயே சொல்லியிருப்பேனே, பாக்கலையா?"

எனக்கு மண்டையில் அடித்த மாதிரி ஆகிவிட்டது. இடதுகைக்காரன் கிட்டார்! நீ பீச்சாங்கைக்காரன் என்பது ஊருக்கே தெரியும், எனக்குத் தெரியாதா? உன்னோடு கூடவே இருந்தவன் எப்படிக் கவனிக்காமல் விட்டேன்?

அடுத்த டியூட்டியில் தெரிந்தது. சித்தேரியில் வண்டியை நிறுத்திவிட்டு, தலைக்கு மேலே இருக்கிற கண்ணாடியைப் பார்த்தேன். கடைசி சீட் காலியாக இருந்தது. நீ வாசித்ததை நான் பார்த்ததெல்லாம் இந்தக் கண்ணாடியில்தானே! கண்ணாடியில் இடது வலதாகத் தெரியும், வலது இடதாகத் தெரியும். கண்ணாடியில் பார்த்த நீயும் போனில் பார்த்த டீச்சரம்மாவும் கிட்டாரை ஒரே பக்கம்தான் பிடித்திருந்தீர்கள். ஒருதடவை, ஒரே ஒருதடவை, கழுத்தைத் திருப்பி உன்னை நேராகப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஸ்டியரிங் மேலே தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தேன். சிரிப்பு எங்கே அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. புதுக் கண்டக்டர் கார்த்தி ஓடிவந்து "அண்ணா, பிபியா? மாத்தர போட்டீங்களா?" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

டீச்சரம்மா சுலபமான வழி சொன்னார். கம்பிகளைக் கழற்றி வரிசை மாற்றி மாட்டிவிட்டால் போதும், இதுவரை பழகியதெல்லாம் வீணாகாது, கல்யாணத்துக்குள் வாசித்துவிடலாம். நியாயமான பேச்சுதான். தருமபுரியில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"கம்பிய மட்டும் மாத்தலீங்க. மேல கம்பி ஒக்கார்ற இந்தத் துண்டு இருக்குதுல்ல, அதோட பள்ளத்தயே அரத்தால அராவி மாத்தியிருக்கறாரு. கைவேல நல்லா இருக்குதுங்க. யாரு பண்ணது?"

"என் மாப்பிள்ளைங்க."

"பரவால்லீங்க. நீங்க டீ குடிச்சுட்டு வாங்க, எல்லாத்தயும் நேராக்கிக் குடுத்தர்றன்."

முதல் முறுக்காணியைத் திருகினார். கம்பி தளர்ந்து ஒரு சத்தம் போட்டது. நேராக்குவதா? உன் ஆத்தா நேராக்கப் பார்த்தாள், வாத்தியார் நேராக்கப் பார்த்தார், பொன்னியக்கா, டெப்போவுக்குப் புகார் எழுதினவர், ஊர் சனம் அத்தனையும் அந்தக் கையை நேராக்கத்தானே பார்த்தது? இந்த உலகத்தில் ஒரே ஒரு பொருளை நீ உன் கைக்குத் தக்கபடி திருப்பி வைத்துக்கொண்டாய். உன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து அரத்தை வைத்து மெதுவாக அராவியிருப்பாய். அதையும் நான் போய் நேராக்குவதா?

"நிறுத்துங்க. பழையபடியே கட்டிக் குடுங்க" என்றேன்.

"நீங்க பீச்சாங்கைக்காரருங்களா?"

"இல்லீங்க. ஆனா இனிமே."

கடைக்காரர் என்னை ஒருமாதிரி பார்த்தார். டீ மட்டும் அவரே வாங்கிக் கொடுத்தார்.

ருக்மணி தலையில் அடித்துக்கொண்டாள். "ஐப்பசி பொறந்துருச்சு, தையில கல்யாணம். சோத்தாங்கையிலயே பூன கத்துது, பீச்சாங்கையில என்னா கத்தப்போவுதோ!" அவள் சொன்னது சரிதான். எல்லாவற்றையும் திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தேன், அந்தப் பாகங்கள் பாடம் உட்பட. வலதுகையால் கம்பியை அமுக்க வேண்டும், இடதுகையால் தட்ட வேண்டும். என் இடதுகை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பல் தேய்க்கக்கூட வராத கை. உன் ஆத்தா உன் கையில் சோற்றை மாற்றி வைத்தபோது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று இந்த வயதில் தெரிந்துகொண்டேன்.

ஆனால் ஒரு சௌகரியம் இருந்தது. நான் கிட்டாரை உன் பக்கமாகப் பிடித்துக்கொண்டு போனைப் பார்த்தால், டீச்சரம்மா எனக்குக் கண்ணாடியில் தெரிகிற என் உருவமாக இருந்தார். அவர் கை போகிற பக்கமே என் கையும் போனது. இதை நீயும் கண்டுபிடித்திருப்பாய்தானே? உனக்கு ஏன் சீக்கிரம் வந்தது என்ற கணக்கு அப்போதுதான் தீர்ந்தது.

மலைமேல் வண்டி நிற்கும் நேரத்தில் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்து பழகினேன். உன் இடத்தில்தான். நான் அந்த சீட்டில் அதற்கு முன்னால் உட்கார்ந்ததே இல்லை மாப்ள. அங்கிருந்து பார்த்தால் வண்டி எவ்வளவு நீளமாக இருக்கிறது! ஒருநாள் தலையை நிமிர்த்தியபோது தூரத்தில் என் சீட்டுக்கு மேலே அந்தக் கண்ணாடி தெரிந்தது. அதில் ஒருத்தன் சின்னதாகக் கிட்டாரோடு உட்கார்ந்திருந்தான். நான்தான் என்று தெரிந்தும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

உன் சேதி தெரியாமல் பொன்னியக்கா ஒருநாள் வண்டியில் ஏறினாள். நீ போன பிறகு அவள் உடம்புக்கு முடியாமல் படுத்திருந்தாளாம். "எங்க அந்தப் பீச்சாங்கைக்காரன்? லீவா?" என்று கேட்டாள். கார்த்திதான் மெதுவாகச் சொன்னான். அவன் சோத்தாங்கையில் மரியாதையாக டிக்கெட்டை நீட்டினான். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நல்ல கையிலதான் குடுக்கற சாமி. வாங்கத்தான் மனசு வல்ல" என்றாள். அரூர் வரைக்கும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டே வந்தாள். அவளையும் கல்யாணத்துக்குக் கூப்பிட்டேன். உன் பயணியாயிற்றே.

கார்த்தியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவன் வந்த புதிதில் அவன் விசில் சத்தமே எனக்குப் பிடிக்காது. என்ன பாவம் செய்தான் அந்தப் பிள்ளை, நீ இல்லாத இடத்தில் வந்து நின்றான், அவ்வளவுதான். இப்போது பரவாயில்லை. நான் கடைசி சீட்டில் பழகும்போது வெளியே நின்று, உள்ளே யாரும் ஏறாமல் பார்த்துக்கொள்வான்.

மார்கழிக் கடைசியில் ஒருநாள் ருக்மணி களி கிண்டி உருண்டையாகத் தட்டில் போட்டாள். ஆவி பறக்கிற களி. நான் பாட்டுக்குப் பிட்டுக் குழம்பில் தோய்த்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "சுடலயா உங்களுக்கு?" சுடவில்லை. சோத்தாங்கை விரல் நுனி நாலும் காய்த்துப்போயிருந்தது. நீ மலைமேலே தூக்குவாளியைத் திறந்ததும் சுடச்சுட அள்ளித் தின்பாயே, உனக்கு மட்டும் எப்படிடா சுடாது என்று நான் கேட்பேனே, அது இதுதானா? ருக்மணி அந்த விரல்களைத் தடவிப் பார்த்துவிட்டு இன்னொரு உருண்டை வைத்தாள். அதற்குப் பிறகு பூனைப் பேச்சை எடுக்கவில்லை.

சரி, பாட்டுக்கு வருகிறேன். முந்தாநாள் சாயங்காலம் வரவேற்பு. மேடையில் நித்யாவும் மாப்பிள்ளையும். என்னை ஒரு பிளாஸ்டிக் சேரில் உட்கார வைத்து முன்னால் மைக்கை நிறுத்தினார்கள். மண்டபம் முழுக்கச் சனம். டெப்போக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சாந்தி ஓரமாகத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கிட்டாரை உன் பக்கமாகத் திருப்பிப் பிடித்தேன். சாந்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

கை ஓடவில்லை மாப்ள. விரல் எல்லாம் சரியான இடத்தில் இருக்கிறது, இடதுகை அசையவே மாட்டேன் என்கிறது. மலைப்பாதையில் எதிரே பாறை உருண்டு கிடந்தபோதுகூட இந்தக் கை இப்படி நின்றதில்லை. சனம் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. நித்யா முகத்தில் சிரிப்பு மெல்ல மெல்லக் குறைந்ததை நான் பார்த்தேன். போச்சு, பிள்ளைக்குக் கொடுத்த வாக்கு போச்சு என்று நினைத்தேன்.

அப்போது பின்னால் இருந்து விசில் கேட்டது. ரெண்டு விசில். கார்த்தி எழுந்து நின்று, நம்ம வண்டி விசிலை ஊதிவிட்டு, "போலாம் ரைட்!" என்று கத்தினான். மண்டபமே சிரித்தது. இத்தனை வருஷம் ரெண்டு விசில் கேட்டால் வண்டியை எடுத்தே பழகின உடம்பு இது. கை தானாகக் கிளம்பிவிட்டது.

ஆலமரம் வந்தது. செக்போஸ்ட் வந்தது. நடுவில் ஒரு கார்டு தப்பியது, இன்னொன்று மண்ணைக் கவ்வியது, ஆனால் வண்டி நிற்கவில்லை. ஊத்துப்பாறைக்கு வரும்போது டெப்போக்காரர்களும் சேர்ந்து பாடினார்கள். சித்தேரி வந்தது. கை வாசிக்கிறது, வாய் வரவில்லை. நித்யா மாலையோடு மேடையிலிருந்து இறங்கி வந்து, மைக்கைத் தன் பக்கம் இழுத்து, அந்தக் கடைசி வரியை அவளே பாடினாள். "தூங்கறவங்க மட்டும் ஒக்காருங்க." சாந்தி தூணோடு சரிந்து உட்கார்ந்து அழுதாள். உன் காரியத்தன்றுகூட அவள் அப்படி அழவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டோம்.

எழுந்து வந்ததும் பொன்னியக்கா சீத்தாப்பழப் பையோடு வழியை மறித்தாள். "ஏன் டிரைவரே, நல்லாத்தான இருந்த நீ? பீச்சாங்கை என்னா தொத்து நோவா?" என்றாள். கண்ணெல்லாம் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு. பழத்தை நீட்டினாள். நான் வேண்டுமென்றே இடதுகையை நீட்டினேன். அவள் ஒரு நொடி யோசித்துவிட்டு அந்தக் கையிலேயே வைத்தாள்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். நேற்று காலை முகூர்த்தம். தாய்மாமன் முறை எனக்கு. பட்டம் கட்டி, மாலை போட்டு, நித்யா கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துப்போக வேண்டும். சோத்தாங்கையால் அவள் கையைப் பிடித்தேன். நாலு எட்டு வைத்திருப்போம், அவள் நின்றுவிட்டாள்.

"என்ன பாப்பா, பொடவ தடுக்குதா?" என்றேன்.

அவள் குனிந்து என் விரல்களைப் பார்த்தாள். தன் கட்டைவிரலால் என் விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தடவினாள்.

"போன வருசம் காச்சல்ல கெடந்தப்ப அப்பா நெத்தியில கை வெச்சு வெச்சுப் பாத்தாருங்க மாமா. இப்படியேதான் சொரசொரன்னு இருந்துச்சு" என்றாள். பிறகு குரல் இறங்கி, "அப்பா கைய மறுபடி புடிப்பன்னு நான் நெனக்கவே இல்ல" என்றாள்.

முகூர்த்த நேரம் போகிறது என்று ஐயர் பார்த்தார். மேளக்காரர் என்ன புரிந்துகொண்டாரோ, அதே இடத்தில் நின்று இன்னும் கொஞ்சம் வாசித்தார். அவள் பிடியை இறுக்கிக்கொண்டு, "போலாங்க மாமா" என்றாள். உன் பிள்ளையை உன் கையாலேயே கொண்டுபோய் மணவறையில் உட்கார வைத்தேன் மாப்ள.

இன்றைக்கு வீடு அமைதியாக இருக்கிறது. கிட்டார் பீரோ மேலே இல்லை, என் பக்கத்தில் இருக்கிறது. கம்பிகள் துருப்பிடிக்க ஆரம்பித்துவிட்டன, கூடிய சீக்கிரம் புதிது போட வேண்டும். போடுகிறேன், உன் வரிசையில்தான் போடுவேன், யார் நேராக்கித் தருகிறேன் என்று வந்தாலும் விடமாட்டேன். வாசிப்பதை நிறுத்தினால் விரல் காய்ப்பு கொஞ்ச நாளிலேயே உதிர்ந்து தோல் மெத்தென்று ஆகிவிடும் என்கிறார் டீச்சரம்மா. ஆகவிடமாட்டேன். நித்யா எப்போது ஊருக்கு வந்து கையை நீட்டினாலும் இந்த விரல் நாலும் சொரசொரப்பாகவே இருக்கும். அதற்கு நான் பொறுப்பு.

உன் மச்சான்,
சாந்திக்கு அண்ணன், நித்யாவுக்குத் தாய்மாமன்,
டிரைவர் முனியப்பன், இண்டூர்.